கிளவுட் நெட்வொர்க்கில் சப்நெட்டுகளுக்கு இடையே ரவுட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சப்நெட்டில் (பெரிய நெட்வொர்க்கிலிருந்து பிரித்த சிறு முகவரிப் பகுதி) இருக்கும் சர்வர் இன்னொரு சப்நெட்டில் இருக்கும் சர்வரோடு பேச வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் இதில் சிக்கி ஒரு முழு நாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

உதாரணங்களுக்கெல்லாம் ஒரே நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். மொத்த முகவரித் தொகுதி 10.20.0.0/16. (சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், முகவரியின் முதல் எத்தனை பிட்டுகள் மாறாது என்று சொல்கிறது. எண் பெரிதானால் தொகுதி சிறிது.) அதில் ஆப் சப்நெட் 10.20.1.0/24, டேட்டாபேஸ் சப்நெட் 10.20.2.0/24. ஆப் சர்வரின் முகவரி 10.20.1.15. டேட்டாபேஸ் 10.20.2.40-இல், 5432 என்ற போர்ட்டில் (ஒரு சேவைக்கான எண் வாசல்) காத்திருக்கிறது.

இரண்டு சப்நெட் உருவாக்கிவிட்டேன். இரண்டுக்கும் நடுவே வழியை நான்தான் போட வேண்டுமா?

வேண்டாம். ஒரே நெட்வொர்க்குக்குள் இருக்கும் சப்நெட்டுகளுக்கு இடையே வழி பிறக்கும்போதே இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸில் (அமேசானின் கிளவுட்) எந்த ரூட் டேபிளைத் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) திறந்தாலும் 10.20.0.0/16-க்கு நேராக 'லோக்கல்' என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்க முடியாது. அஸூரில் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்) அதே வேலையைச் சிஸ்டம் ரூட் செய்கிறது. கூகுள் கிளவுடில் ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு சப்நெட் ரூட் தானாக உருவாகிறது.

சொந்த இடத்தில் சுவிட்ச், ரவுட்டர் வைத்து வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். அங்கே இரண்டு விலேன்களை (சுவிட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்குகள்) இணைக்க ரவுட்டரில் நாமே கைவைக்க வேண்டும். இங்கே இணைப்பு முதலிலேயே இருக்கிறது. எதைத் தடுக்க வேண்டும், எதைச் சுற்றி அனுப்ப வேண்டும் என்பதுதான் நம் வேலை.

வழி இருக்கிறது என்றால் என் சர்வர்கள் ஏன் பேசிக்கொள்ளவில்லை?

வழி வேறு, அனுமதி வேறு. சாலை இருந்தாலும் கதவு பூட்டியிருக்கலாம்.

ஏடபிள்யூஎஸ்ஸில் முதலில் பார்க்க வேண்டியது டேட்டாபேஸின் செக்யூரிட்டி குரூப், அதாவது அந்தச் சர்வருக்கான அனுமதி விதிகள். 10.20.1.0/24-இலிருந்து 5432-க்கு உள்ளே வர அனுமதி இருக்கிறதா? அடுத்தது சப்நெட்டின் நெட்வொர்க் ஏசிஎல், அதாவது சப்நெட் முழுவதற்குமான அனுமதிப் பட்டியல். இந்த இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. செக்யூரிட்டி குரூப் ஒரு பேச்சைத் தொடங்க விட்டால் அதற்கான பதிலையும் விட்டுவிடும். ஏசிஎல்லுக்கு நினைவு கிடையாது. பதில் பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) அது புது ஆளாகத்தான் பார்க்கும். பதில் போகிற இடம் 5432 அல்ல, ஆப் சர்வர் தற்காலிகமாக எடுத்துக்கொண்ட ஏதோ ஒரு போர்ட். லினக்ஸில் வழக்கமாக 32768-க்கும் 60999-க்கும் நடுவில் ஒன்று. எனவே ஏசிஎல்லை இறுக்கி எழுதும்போது டேட்டாபேஸ் சப்நெட்டிலிருந்து வெளியே போகவும், ஆப் சப்நெட்டுக்குள் நுழையவும் அந்தப் போர்ட்டுகளைத் திறந்துவைக்க வேண்டும். பல விதமான மெஷின்கள் இருந்தால் 1024 முதல் 65535 வரை திறப்பது வழக்கம்.

கூகுள் கிளவுடில் நீங்களே உருவாக்கிய விபிசியில் (கிளவுடில் நமக்கான தனி நெட்வொர்க்) உள்ளே வருகிற எல்லாமே தொடக்கத்தில் மறுக்கப்படும். பக்கத்துச் சப்நெட்டுக்கும் அதே கதிதான். ஃபயர்வால் விதி ஒன்று எழுதியே ஆக வேண்டும். அஸூரில் நேர்மாறு: நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்பின் தொடக்க விதிகள் ஒரே விநெட்டுக்குள் (விபிசிக்கு அஸூரின் பெயர்) எல்லோரையும் பேச விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் சர்வருக்குள் நுழைந்து பாருங்கள். இயங்குதளத்தின் சொந்த ஃபயர்வாலும் இருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருள் 127.0.0.1-இல் (அதே மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரி) மட்டும் காது கொடுத்துக்கொண்டிருப்பதும் அடிக்கடி நடப்பதுதான்.

பிழைச் செய்தியிலேயே பாதி விடை இருக்கிறது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால், பெரும்பாலும் பாக்கெட் போய்ச் சேர்ந்து பதிலும் திரும்பியிருக்கிறது; அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. ரவுட்டிங்கைத் தொடாதீர்கள். வெகுநேரம் காத்திருந்து 'டைம் அவுட்' என்றால் நடுவில் எங்கேயோ சத்தமில்லாமல் கைவிடப்பட்டிருக்கிறது.

கேட்வே (சப்நெட்டிலிருந்து வெளியேறும் வாசல்) முகவரி .1 என்கிறார்கள். அந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது?

தனியாக ஒரு பெட்டியாக எங்கேயும் இல்லை. சர்வர் அந்த முகவரிக்கு அனுப்புவதாக நினைத்துக்கொள்கிறது. அடியில் இருக்கும் மென்பொருள் பாக்கெட்டை வாங்கி, சேர வேண்டிய மெஷின் எந்த இயந்திரத்தில் ஓடுகிறதோ அங்கே நேராகச் சேர்த்துவிடுகிறது. அஸூரில் அந்தக் கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் பதிலே வராது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் முகவரிகளை எண்ணும்போது இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஏடபிள்யூஎஸ், அஸூர் இரண்டும் ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் 4, கடைசி 1 என 5 முகவரிகளைத் தங்களுக்கென வைத்துக்கொள்கின்றன. /24-இல் நமக்கு மிஞ்சுவது 251. /28-இல் வெறும் 11. கூகுள் கிளவுட் 4 எடுத்துக்கொள்கிறது.

பப்ளிக் சப்நெட், ப்ரைவேட் சப்நெட் என்று உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டுமா?

அப்படி ஒரு பொத்தானே ஏடபிள்யூஎஸ்ஸில் இல்லை. ரூட் டேபிளில் 0.0.0.0/0 (மற்ற எல்லா முகவரிகளும்) இன்டர்நெட் கேட்வேக்குப் போனால் அந்தச் சப்நெட் பப்ளிக். நேட் கேட்வேக்குப் (தனியார் முகவரியை மாற்றி வெளியே போக மட்டும் விடும் வாசல்) போனாலோ, அந்த வரியே இல்லாமல் இருந்தாலோ ப்ரைவேட். இணையத்துக்கான நேட் கேட்வேயை ஒரு சப்நெட்டில் வைத்தால் அது பப்ளிக் சப்நெட்டாக இருக்க வேண்டும். ப்ரைவேட் சப்நெட்டில் வைத்துவிட்டு இணையம் வரவில்லை என்று தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் புதிதாக ஒரு ரூட் டேபிள் போட்டு, சப்நெட்டோடு இணைக்க மறந்துவிட்டால், அந்தச் சப்நெட் மெயின் ரூட் டேபிளைத்தான் பின்பற்றும். எத்தனை திருத்தினாலும் ஒன்றும் மாறாது. திருத்துவதற்கு முன்னால் இணைப்பைப் பாருங்கள்.

ஒரே முகவரிக்கு இரண்டு மூன்று வழிகள் பொருந்தினால் எது வெல்லும்?

எது அதிகக் குறிப்பாக இருக்கிறதோ அது. டேபிளில் மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: 10.20.0.0/16 லோக்கல், 10.0.0.0/8 விபிஎன் வழியாக, 0.0.0.0/0 நேட் வழியாக. 10.20.2.40-க்கு மூன்றுமே பொருந்தும். /16 மற்ற இரண்டையும்விட நீளமானது, அதனால் அதுவே வெல்லும். வரிசையில் எது மேலே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு மதிப்பே இல்லை.

நீளமும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொருவரிடமும் ஒரு முறை. ஏடபிள்யூஎஸ்ஸில் நாம் கையால் எழுதியது, விபிஎன் போன்றவற்றிலிருந்து தானாக வந்து சேர்ந்ததை வெல்லும். அஸூரில் முதலில் நாம் எழுதிய ரூட், பிறகு பிஜிபி (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறை) வழியாக வந்தது, கடைசியாகச் சிஸ்டம் ரூட். கூகுள் கிளவுடில் நாம் எழுதும் ரூட்டுகளுக்கு முன்னுரிமை எண் உண்டு. சின்ன எண் வெல்லும்.

முகவரித் தொகுதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தனியார் பயன்பாட்டுக்கென 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் ஒதுக்கியவை மூன்று: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவற்றுக்குள்ளேயே இருங்கள். எல்லோரும் எடுக்கிற 10.0.0.0/16-ஐ நீங்களும் எடுக்காதீர்கள். இன்றைக்கு அது தனியாக நிற்கும். நாளைக்கு இன்னொரு நெட்வொர்க்கோடு இணைக்க வேண்டி வந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். முகவரி மோதினால் பியரிங் (இரண்டு நெட்வொர்க்குகளை நேராக இணைப்பது) செய்யவே விடமாட்டார்கள். அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை எல்லாம் வேறு முகவரிக்கு மாற்றுவது பெரும்பாடு. சப்நெட்டுகளை ஒன்றையொன்று ஒட்டி அடுக்காமல் நடுவில் இடம்விட்டு வையுங்கள்.

'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வருகிறது. ஆனால் ரூட் டேபிளில் எல்லாம் சரியாக இருக்கிறதே?

இதே இடத்தில் நான் ஒருமுறை அரைநாள் நின்றிருக்கிறேன். ஆப் சர்வர் 10.20.1.15-இல் இருந்தது. எட்ட வேண்டிய டேட்டாபேஸ், பியரிங் செய்யப்பட்ட இன்னொரு நெட்வொர்க்கில் 172.17.4.20-இல். செய்தி 'ரூட் இல்லை' என்று சொல்லவே, கிளவுடின் ரூட் டேபிளை வரிக்கு வரி படித்தேன். 172.17.0.0/16 பியரிங்குக்குப் போகிறது, எதிர்ப்பக்கத்திலும் திரும்பும் வழி இருக்கிறது. ஃப்ளோ லாகைத் (கிளவுடின் போக்குவரத்துப் பதிவு) திறந்தால் அந்த முகவரிக்கு ஒரு வரிகூட இல்லை. மறுக்கப்பட்டதாகக்கூட இல்லை. அப்போதுதான் உறைத்தது: பாக்கெட் மெஷினை விட்டு வெளியே வரவே இல்லை.

சர்வருக்குள் 'ஐபி ரூட் கெட்' கட்டளையை 172.17.4.20 கொடுத்து ஓட்டினேன். வழி நெட்வொர்க் கார்டைக் காட்டவில்லை, டாக்கரின் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) பிரிட்ஜை, அதாவது மெஷினுக்குள்ளேயே அது வைத்திருக்கும் நெட்வொர்க்கைக் காட்டியது. டாக்கர் தொடக்கத்தில் தன் பிரிட்ஜுக்கு எடுத்துக்கொள்வது 172.17.0.0/16. அந்த முகவரி தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நம்பி மெஷின் அங்கே தேடி, ஆள் இல்லை என்று கைவிரித்திருக்கிறது. டாக்கரின் அமைப்புக் கோப்பில் பிரிட்ஜுக்கு வேறு முகவரித் தொகுதி கொடுத்து மறுதொடக்கம் செய்ததும் சரியானது.

அந்தச் செய்தி கிளவுட் ரூட் டேபிளைப் பற்றிப் பேசவில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கிளவுடில் வழி இல்லாத பாக்கெட் பொதுவாகச் சத்தமில்லாமல் மறையும். நமக்கு டைம் அவுட் மட்டும் தெரியும். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' வந்தால் சொந்த மெஷினின் டேபிளை முதலில் பாருங்கள். அதற்கடுத்து எதிர் சர்வரின் ஃபயர்வால். சில ஃபயர்வால்கள் மறுக்கும்போது திருப்பி அனுப்பும் பதிலையும் நம் மெஷின் இதே வார்த்தையில்தான் சொல்லும்.

இரண்டு சப்நெட்டுகளுக்கு இடையே போகும் எல்லாவற்றையும் ஒரு ஃபயர்வால் விஎம் (மெய்நிகர் மெஷின்) வழியாக அனுப்ப வேண்டும். எப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஃபயர்வால் 10.20.9.0/24 என்ற தனிச் சப்நெட்டில், 10.20.9.4-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆப் சப்நெட்டின் ரூட் டேபிளில் 10.20.2.0/24-க்கு அடுத்த இடமாக ஃபயர்வாலைக் கொடுங்கள். டேட்டாபேஸ் சப்நெட்டின் டேபிளில் 10.20.1.0/24-க்கு அதே ஃபயர்வாலைக் கொடுங்கள். ஃபயர்வாலின் சொந்தச் சப்நெட்டுக்கு வேறொரு டேபிள் வேண்டும். அதில் இந்த வரிகள் இருக்கவே கூடாது. இருந்தால் ஃபயர்வால் வெளியே அனுப்பும் பாக்கெட் அதனிடமே திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

ஏடபிள்யூஎஸ்ஸில் 2021 வரை இதை நேரடியாகச் செய்ய முடியாது, லோக்கல் வழியைவிடக் குறிப்பான வரியை எழுத விடமாட்டார்கள். இப்போது எழுதலாம். ஆனால் அந்த வரி ஒரு சப்நெட்டின் முழு முகவரித் தொகுதியாக இருக்க வேண்டும். பாதிச் சப்நெட்டுக்கு எழுத முடியாது. அஸூரில் நெக்ஸ்ட் ஹாப் (அடுத்த இடம்) வகையை 'வர்ச்சுவல் அப்ளையன்ஸ்' என்று வைத்து 10.20.9.4 கொடுக்க வேண்டும். அங்கே சோம்பல்பட்டு மொத்தமாக 10.20.0.0/16 என்று எழுதிவிட்டால், ஒரே சப்நெட்டுக்குள் பக்கத்தில் இருக்கும் சர்வருக்குப் போகும் பாக்கெட்கூட ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு வரும். கூகுள் கிளவுடில் சாதாரண ஸ்டாட்டிக் ரூட்டால் சப்நெட் ரூட்டை மீற முடியாது. பாலிசி அடிப்படையிலான ரூட் வைக்க வேண்டும், அல்லது சப்நெட்டுகளைத் தனித்தனி விபிசிகளில் போட்டு நடுவில் பல நெட்வொர்க் கார்டு உள்ள ஃபயர்வாலை நிறுத்த வேண்டும்.

அடுத்து அந்த விஎம்மைத் தயார் செய்வது. தனக்கு வராத பாக்கெட்டை ஒரு விஎம் தொடக்கூடாது என்பது கிளவுடின் இயல்பு நிலை. ஏடபிள்யூஎஸ்ஸில் 'சோர்ஸ் டெஸ்டினேஷன் செக்'கை அணைக்க வேண்டும். அஸூரில் நெட்வொர்க் கார்டில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும். கூகுளிலும் விஎம்முக்கு அதே பெயரில் ஓர் அனுமதி உண்டு. இதற்கு மேல், விஎம்முக்குள் ஓடும் லினக்ஸிலும் ஐபி ஃபார்வர்டிங் இயங்க வேண்டும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இரண்டில் ஒன்றை மறந்தாலும் ஃபயர்வாலோடு பயணம் முடிந்துவிடும்.

ஏடபிள்யூஎஸ்ஸில் செக்யூரிட்டி குரூப் விதியில் 'ஆப் சர்வர்களின் குரூப்பிலிருந்து' என்று எழுதியிருந்தால், நடுவில் ஃபயர்வால் வந்த பிறகு அது பொருந்தாது. முகவரியாக, அதாவது 10.20.1.0/24 என்று, மாற்றி எழுதுங்கள்.

அதெல்லாம் செய்தேன். பிங் போகிறது. கனெக்‌ஷனும் திறக்கிறது. ஆனால் ஒரு எழுத்துகூட நகரவில்லை!

திரும்பும் வழியை விட்டிருக்கிறீர்கள். டேட்டாபேஸ் சப்நெட்டின் டேபிளில் அந்த வரி இல்லை, அல்லது டேபிள் இணைக்கப்படவில்லை.

நடப்பதை மெதுவாகப் பாருங்கள். ஆப் சர்வர் சின் (பேச்சைத் தொடங்கும்) பாக்கெட் அனுப்புகிறது. அது ஃபயர்வால் வழியாக டேட்டாபேஸுக்குப் போகிறது. டேட்டாபேஸ் சின்-ஆக் (தொடக்கத்தை ஏற்கும் பதில்) அனுப்புகிறது. அதன் டேபிளில் லோக்கல் வழி மட்டும் இருப்பதால் ஃபயர்வாலைத் தொடாமல் நேராக ஆப் சர்வருக்கு வந்துவிடுகிறது. ஆப் சர்வருக்குப் பதில் கிடைத்துவிட்டது, கனெக்‌ஷன் திறந்தது என்று எண்ணி ஆக் (பதில் கிடைத்தது என்ற உறுதி) அனுப்புகிறது. அது ஃபயர்வாலுக்குப் போகிறது. ஃபயர்வால் பார்த்தது சின் மட்டும். சின்-ஆக்கை அது பார்க்கவே இல்லை. நடுப்பேச்சு இல்லாமல் வருகிற இந்த ஆக்கை நம்பாமல் போட்டுவிடுகிறது. பிங்குக்கு இந்த மூன்று படிக் கைகுலுக்கல் கிடையாது, அதனால் அது வளைந்தும் நெளிந்தும் போய் வந்துவிடுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு சர்வரிலும் 'எஸ்எஸ்' (பேச்சுகளின் நிலையைக் காட்டும்) கட்டளையை ஓட்டுங்கள். ஆப் பக்கம் 'எஸ்டாப்' (திறந்துவிட்டது) என்று இருக்கும். டேட்டாபேஸ் பக்கம் அதே கனெக்‌ஷன் 'சின்-ரிசீவ்டு' நிலையில் நிற்கும். ஒரே பேச்சைப் பற்றி இரண்டு பக்கமும் இரண்டு விதமாகச் சொன்னால், போகும் வழியும் வரும் வழியும் வேறுவேறு என்று அர்த்தம். இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

ஃபயர்வால்களை இரண்டாக்கும்போது இதே சிக்கல் வேறு உருவில் வரும்: போனது ஒன்றின் வழியாக, வந்தது மற்றொன்றின் வழியாக. ஏடபிள்யூஎஸ்ஸில் டிரான்சிட் கேட்வே (பல நெட்வொர்க்குகளை இணைக்கும் மையம்) பயன்படுத்தினால் 'அப்ளையன்ஸ் மோட்' என்பதை இயக்குவது இதற்காகத்தான்.

சின்னச் செய்தி போகிறது, பெரிய பதில் வந்தால் மட்டும் தொங்கிவிடுகிறது. இதுவும் ரவுட்டிங்கா?

இது பாக்கெட்டின் அளவு. ஏடபிள்யூஎஸ் விபிசிக்குள் 9001 பைட் வரை போகும், டிரான்சிட் கேட்வேயில் 8500, இணையத்தில் 1500. கூகுள் கிளவுடின் தொடக்க அளவு 1460. விபிஎன் சுரங்கம் இதிலும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 'பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு' என்று சொல்லி அனுப்பும் ஐசிஎம்பி செய்தியை (வகை 3, குறியீடு 4) யாராவது ஃபயர்வாலில் தடுத்துவைத்திருந்தால் அனுப்பும் சர்வருக்கு விஷயமே தெரியாது. ஐசிஎம்பியை முழுக்க அடைக்காதீர்கள். சோதிக்க, பிங்கில் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கான 28-ஐச் சேர்த்தால் சரியாக 1500.

அ நெட்வொர்க் ஆ-வோடு, ஆ நெட்வொர்க் இ-யோடு பியரிங். அ-விலிருந்து இ-க்குப் போகலாமா?

போக முடியாது. பியரிங் ஒரு தாவலுக்கு மட்டும்தான். அ-வையும் இ-யையும் நேராக இணையுங்கள், அல்லது நடுவில் ஒரு மையம் வையுங்கள். ஏடபிள்யூஎஸ் 2018-இல் டிரான்சிட் கேட்வே கொண்டுவந்தது இந்தத் தேவைக்குத்தான். இன்னொரு வித்தியாசம்: அஸூரிலும் கூகுளிலும் பியரிங் செய்ததும் சப்நெட் வழிகள் தானாக வந்துவிடும். ஏடபிள்யூஎஸ்ஸில் இரண்டு பக்க டேபிள்களிலும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

ரூட்டுக்குப் பக்கத்தில் 'பிளாக்ஹோல்' என்று காட்டுகிறதே?

வழி எழுதப்பட்டிருக்கிறது, அது காட்டும் நேட் கேட்வேயோ பியரிங்கோ கார்டோ இப்போது இல்லை. பழையதை அழித்துப் புதியதை உருவாக்கும்போது நடக்கும்.

கோளாறு வந்தால் எந்த வரிசையில் தேடுகிறீர்கள்?

அனுப்பும் மெஷினில் தொடங்குவேன். ஐபி ரூட் கெட் ஓட்டி, பாக்கெட் எந்தக் கார்டு வழியாக வெளியேறும் என்று பார்ப்பேன். பிறகு இரண்டு முனையிலும் டிசிபிடம்ப் (போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி). சேரும் முனையில் எதுவும் வரவில்லை என்றால் போகும் வழியில் கோளாறு. வந்து, பதிலும் கிளம்பி, இந்த முனைக்கு வரவில்லை என்றால் திரும்பும் வழியில். இந்த ஒரு பிரிப்பிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

அப்புறம் கிளவுடின் கருவிகள். அஸூரில் கார்டின் 'எஃபெக்டிவ் ரூட்ஸ்' பட்டியல், எல்லா விதிகளும் கலந்தபின் உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று காட்டும். ஏடபிள்யூஎஸ்ஸில் ரீச்சபிலிட்டி அனலைசர், கூகுளில் கனெக்டிவிட்டி டெஸ்ட்ஸ். ஃப்ளோ லாகில் உள்ளே வந்தது 'அக்சப்ட்', பதில் வெளியே போனது 'ரிஜெக்ட்' என்று இருந்தால் அது ஏறத்தாழ எப்போதும் நினைவில்லாத அந்த ஏசிஎல்தான்.

டெர்ராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோப்பாக எழுதி உருவாக்கும் கருவி) எழுதிய ரூட் காணாமல் போய்த் திரும்ப வருகிறது. ஏன்?

ஏடபிள்யூஎஸ் ரூட் டேபிளுக்கு உள்ளேயே சில வழிகளையும், தனி ரிசோர்ஸாகச் சில வழிகளையும் எழுதியிருப்பீர்கள். ஒன்று மற்றொன்றை அழித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு முறையை மட்டும் வையுங்கள். என் விருப்பம் தனி ரிசோர்ஸ். யார் எந்த வழியைச் சேர்த்தார்கள் என்று பின்னால் தேட எளிது.

ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ரூட்டை மாற்றினால் இருக்கும் கனெக்‌ஷன்கள் அறுந்துவிடுமா?

ஃபயர்வாலை நடுவில் புகுத்துகிறீர்கள் என்றால் அறுந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் பேச்சின் தொடக்கத்தை ஃபயர்வால் பார்த்திருக்காது, பாதியில் வருகிற பாக்கெட்டைத் தள்ளிவிடும். ஆப் புதிதாக இணைந்துகொள்ளும் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் பல ஆப்கள் பழைய கனெக்‌ஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் காத்திருக்கும். எனவே கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, இரண்டு டேபிள்களையும் அடுத்தடுத்து உடனே மாற்றி, ஆப்பின் கனெக்‌ஷன் பூலை (முன்கூட்டியே திறந்துவைத்திருக்கும் இணைப்புகள்) மறுதொடக்கம் செய்யுங்கள். முன்பே டேட்டாபேஸ் சப்நெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சோதனைச் சப்நெட்டும் அதில் ஒரு சின்ன விஎம்மும் போட்டு, முதலில் அதற்கு மட்டும் வழியை மாற்றி எஸ்எஸ்ஸில் இரண்டு பக்கமும் 'எஸ்டாப்' வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வந்த பிறகு உண்மையான டேபிள்களைத் தொடலாம்.